வண்டு விழுந்த பருப்புக்குப் பணம் திரும்புமா?



ஜாலான் புசாரில் குடியிருப்பவர்களுக்கு மளிகைச் சாமான் ஒரு பிரச்சினையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரோவல் ரோட்டில் இறங்கி நடந்தால் சிராங்கூன் ரோடு வந்துவிடும். சையது ஆல்வி ரோட்டில் முஸ்தபா இருக்கிறது. இன்னும் கொஞ்சம் காலை எட்டிப் போட்டால் தேக்கா மார்க்கெட். கறிவேப்பிலை முதல் கருப்பட்டி வரை கூப்பிடு தூரத்தில் கிடக்கும்போது, கைப்பேசியைத் தட்டி, எங்கேயோ இருக்கும் கிடங்கிலிருந்து அரிசி பருப்பு வரவழைப்பானேன்?

எங்கள் மாடியில் இருக்கும் பெரியம்மாவைக் கேட்டால் பதில் சொல்லுவார். வயது எழுபத்து மூன்று. இரண்டு முழங்காலும் பேச்சுக் கேட்பதில்லை. ஐந்து கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து, மின்தூக்கிக்குக் காத்து நின்று வீடு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடுகிறதாம். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொரோனாவுக்காகச் சிங்கப்பூரே வீட்டுக்குள் அடைந்து கிடந்ததல்லவா? அப்போது பொங்கோலில் இருக்கும் பேத்தி, "பாட்டி, நீங்கள் வெளியே போகக்கூடாது, என்ன வேண்டுமோ சொல்லுங்கள்" என்று தன் கைப்பேசியிலிருந்தே ஆர்டர் செய்து அனுப்பினாள். நோய் போனது; பழக்கம் நின்றுவிட்டது. பெரியம்மா சொல்வார், பேத்தி தட்டுவாள், சாமான் ஜாலான் புசாருக்கு வந்து சேரும்.

போன மாதம் பெரியப்பாவின் திவசம் வந்தது. பச்சரிசி, மூன்று பொட்டலம் துவரம்பருப்பு, மூன்று தேங்காய், வாழைக்காய், பால் என்று பட்டியல் போயிற்று. முதல் நாள் மாலை சாமான் வாசலுக்கு வந்துவிட்டது. கொண்டுவந்த பையன் மணி அடித்துவிட்டுப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு இன்னும் எத்தனை வீடோ. பெரியம்மாவும் பையைச் சமையலறையில் வைத்துவிட்டு, விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

விடிகாலை ஐந்து மணிக்குப் பருப்புப் பொட்டலத்தைக் கத்தரித்தால், உள்ளே வண்டு. இரண்டாவதைத் திறந்தால் அதிலும் வண்டு. தேங்காயை உடைத்தால் மூன்றில் இரண்டு அழுகல். பெரியம்மா என் கதவைத் தட்டியபோது முகம் வெளுத்திருந்தது. "நாற்பது வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டேன். இன்றைக்குப் பார்த்து இப்படியா?" என்றார். பதின்சில வெள்ளி நஷ்டம் அவருக்குப் பெரிதில்லை. படையலில் குறை வந்துவிட்டதே என்பதுதான் பெரிது. என் வீட்டில் இருந்த பருப்பையும் ஒரு தேங்காயையும் கொடுத்து அன்றைய காரியத்தை ஒப்பேற்றினோம்.

பணம் பற்றிய பேச்சு பிற்பகலில்தான் வந்தது. பேத்தி கைப்பேசியில் கடைக்காரரின் உரையாடல் பெட்டியைத் திறந்து எழுதினாள். பதில் சொன்னது மனிதரா இயந்திரமா என்பது இன்றுவரை தெரியாது. "மன்னிக்கவும், படம் அனுப்புங்கள்" என்றது. படம் எங்கே? பெரியம்மா அருவருப்புத் தாங்காமல் திறந்த இரண்டு பொட்டலங்களையும், அழுகிய தேங்காய்களையும் குப்பைக் குழாய் வழியே கீழே தள்ளிவிட்டிருந்தார்!

இங்கேதான் நம்மில் பலரும் கோட்டை விடுகிறோம். கெட்டுப்போன பொருளை வீட்டில் வைத்திருப்பது பீடை என்று ஓர் எண்ணம். மணக்க வேண்டாம், எறும்பு வர வேண்டாம் என்று சட்டென்று எறிந்துவிடுகிறோம். எறிந்தது பருப்பை மட்டுமல்ல, சாட்சியையும்தான். முதலில் படம் எடுக்க வேண்டும். பொட்டலத்தின் முன்பக்கம் ஒன்று. காலாவதித் தேதியும் அதன் பக்கத்தில் அச்சடித்திருக்கும் தொகுதி எண்ணும் தெரிய ஒன்று. குறை கண்ணுக்குத் தெரிய ஒன்று. வந்த பையோடும் ரசீதோடும் சேர்த்து ஒன்று. மீன் இறைச்சி என்றால் பையில் சுற்றி உறைபெட்டியில் வையுங்கள். பருப்பு அரிசி என்றால் மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். கடைக்காரர் "எறிந்துவிடலாம்" என்று எழுத்தில் சொன்ன பிறகு எறியுங்கள்.

பெரியம்மாவைக் காப்பாற்றியது மூன்றாவது பொட்டலம். அதை அவர் திறக்கவே இல்லை. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், ஒட்டிய பொட்டலத்துக்குள்ளேயே வண்டு ஊர்கிறது. தொகுதி எண்ணும் அச்சாகத் தெரிகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்த வண்டு விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், "உங்கள் வீட்டு அலமாரியில்தான் வண்டு பிடித்திருக்கும்" என்பது கடைக்காரர்கள் சொல்லும் முதல் பதில். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து அதற்குள்ளேயே முட்டை இடுகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நம்முடைய வெப்பமான ஊரில் அந்த முட்டை வளர்ந்து வண்டாக வெளியே வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பச்சைப்பயறு, தட்டைப்பயறு போன்றவற்றில் விழும் வண்டோ முட்டையைப் பயற்றின் தோல்மேல் ஒட்டும். புழு உள்ளே துளைத்துப் போய், வளர்ந்த பிறகு வட்டமான ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். ஆகவே கணக்கு இதுதான். சாமான் வந்து இரண்டு மூன்று நாளுக்குள், திறக்காத பொட்டலத்தில், நன்றாக வளர்ந்த வண்டு ஊர்ந்தால் அது உங்கள் அலமாரியில் பிறந்திருக்கவே முடியாது. அது கிடங்கிலோ ஆலையிலோ பிறந்தது. இதைப் பேத்தி நான்கே வரியில் எழுதி அனுப்பினாள். அதற்குப் பிறகு அலமாரிப் பேச்சே எழவில்லை.

மாறாக, பொட்டலத்தைத் திறந்து இரண்டு மாதம் வைத்திருந்து, பிறகு வண்டு வந்தால் கடைக்காரரைப் பிடிப்பது நியாயமில்லை. (வாங்கிய பருப்பையும் அரிசியையும் உறைபெட்டியில் நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். இடம் இருப்பவர்கள் செய்து பாருங்கள். என் உறைபெட்டியில் மீன் குழம்புக்கே இடம் இல்லை.)

முன்பெல்லாம் இந்தத் தொல்லை கிடையாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தெருமுனைக் கடையில் '555' என்று அட்டையில் அச்சடித்த சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். வாங்கியதெல்லாம் அதில் பற்று. சம்பளத்தன்று தீர்ப்போம். பருப்பில் வண்டு இருந்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் போதும். முதலாளி முகம் சுளித்தாலும் மாற்றிக் கொடுத்துவிடுவார். நாளைக்கும் நாம் அந்தக் கடைக்குத்தான் போவோம் என்று அவருக்குத் தெரியும். தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர்களுக்கோ வேறு அனுபவம் இருக்கும். அங்கே ஒரே கடை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஜாலான் புசார் பக்கத்துச் சுங்கை ரோடு பழஞ்சாமான் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி மூடினார்களே, அதுதான். அங்கே வாங்கிய கடிகாரம் ஓடாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? பார்த்து வாங்கத் தெரியாதது உன் குற்றம் என்பதே அந்தச் சந்தையின் சட்டம்.

இணையக் கடையில் பார்த்து வாங்க வழியே இல்லை. தேங்காயைத் தட்டிப் பார்க்க முடியாது, கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்க முடியாது. எவரோ ஒருவர் நமக்காகப் பொறுக்கிப் போடுகிறார். அப்படியிருக்க, "பார்த்து வாங்கியிருக்க வேண்டும்" என்ற பழைய பேச்சு இங்கே செல்லாது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

சிங்கப்பூரில் பொருள் விற்பனைக்கு உள்ள சட்டம் 1979ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டம். 1993ஆம் ஆண்டில் அதை முறைப்படி நம்முடையதாக்கிக் கொண்டார்கள். வியாபாரமாக விற்பவர் கொடுக்கும் பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வண்டு விழுந்த பருப்பு எந்தக் கணக்கிலும் திருப்திகரமானது ஆகாது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. பொருளைப் பரிசோதிக்க நியாயமான அவகாசம் உங்களுக்கு உண்டு. அதற்கு மேலும் ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தால் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகிவிடும். இயந்திரத்துக்கு நியாயமான அவகாசம் என்பது வேறு, மீனுக்கு நியாயமான அவகாசம் என்பது வேறு. மீனை நாலாம் நாள் முகர்ந்து பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினால் யார் கேட்பார்கள்?

2004ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதில் 2012 செப்டம்பர் 1 முதல் சேர்ந்ததுதான் 'லெமன் சட்டம்'. அமெரிக்காவில் வாங்கிய மறுநாளே பழுதாகும் காரை 'லெமன்' என்று ஏளனமாகச் சொல்வார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. நாமோ புதுக் காரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியையே எடுக்கிறோம்! அது போகட்டும். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வரும்போதே இருந்த குறை என்று இந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. பழுது பார்த்தோ மாற்றியோ கொடுக்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்க வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மின்சார அரவை இயந்திரத்துக்கும் ரைஸ் குக்கருக்கும் இது அருமையான சட்டம். காய்கறி, பால், மீன் போன்று தானாகவே கெட்டுப்போகும் பண்டங்களுக்கு ஆறு மாதக் கணக்கு பொருந்தாது என்பது சொல்லாமலே விளங்கும். அவற்றுக்கு உங்கள் விழிப்புத்தான் துணை.

"விற்ற பொருளுக்குப் பணம் திரும்பாது" என்று கடைக்காரர் எழுதி வைத்திருந்தால்? குறையுள்ள பொருளுக்கு அந்த எழுத்து செல்லாது. அதே சமயம், "எனக்கு இந்த மஞ்சள்தூளின் நிறம் பிடிக்கவில்லை", "தெரியாமல் இரண்டு தடவை தட்டிவிட்டேன்" என்பவை குறையில் சேரா. அங்கே கடைக்காரரின் தயவுதான். காலாவதியாக இரண்டே நாள் மிச்சமிருக்கும் தயிர் வந்தால் அதுவும் ஓர் இழுபறி. காலாவதித் தேதி கடந்த பொட்டலத்தை விற்பது இங்கே குற்றம். தேதி நெருங்கியதை விற்பது குற்றமில்லை. ஆனாலும் பல கடைகள் கேட்டால் மாற்றிக் கொடுக்கின்றன. கேட்பதில் வெட்கமென்ன?

வெட்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. பெரியம்மாவின் தயக்கமே அதுதான். "பத்து வெள்ளிக்காக வெள்ளைக்காரப் பாஷையில் சண்டை போடுவதா? பேத்தியைத் தொல்லை செய்வதா?" என்று இரண்டு தடவை வேண்டாம் என்றார். அவர் மட்டுமல்ல, என் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் இந்தக் குணம் உண்டு. கோழிக்கடையில் ஐம்பது காசுக்குப் பேரம் பேசுவோம். கண்ணுக்குத் தெரியாத கடைக்காரரிடம் வாயைத் திறக்க மாட்டோம்.

கேட்க வேண்டியது யார் என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. சாமான் பெரியம்மா வீட்டுக்கு வந்தது. பணம் போனதோ பேத்தியின் அட்டையிலிருந்து. இந்த மாதிரி ஒரு சிக்கலால் உலகப் பிரசித்தி பெற்ற வழக்கு ஒன்று உண்டு. 1928 ஆகஸ்ட் 26ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில், மே டோனஹியூ என்ற பெண்மணி ஒரு காப்பிக்கடையில் தோழியோடு உட்கார்ந்திருந்தார். தோழி இஞ்சிச் சோடா வாங்கிக் கொடுத்தார். புட்டி உள்ளே தெரியாத கறுப்புக் கண்ணாடி. பாதி குடித்துவிட்டு மீதியை ஊற்றினால், அழுகிய நத்தை ஒன்று விழுந்ததாக அந்தப் பெண்மணி சொன்னார். உடம்புக்கு வந்துவிட்டது. ஆனால் பணம் கொடுத்தது தோழியல்லவா? கடைக்காரரோடு டோனஹியூவுக்கு ஒப்பந்தமே இல்லை. அவர் சோடாத் தயாரிப்பாளர்மேல் வழக்குப் போட்டார். 1932ஆம் ஆண்டில் லண்டன் பிரபுக்கள் சபை ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒருபக்கமாக, தயாரிப்பாளருக்குத் தன் பொருளை உண்பவர்மேல் பொறுப்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. உலகமெங்கும் சட்ட மாணவர்கள் இன்றும் இந்த நத்தையில்தான் பாடம் தொடங்குகிறார்கள்.

நம் கதைக்கு வருவோம். உடம்புக்கு ஏதாவது வந்தால் சாப்பிட்டவர் கேட்கலாம். பொருளின் விலை திரும்ப வேண்டுமென்றால், ஆர்டர் செய்த கணக்குக்காரர் கேட்பதே சுலபம். பணம் கொடுத்த அட்டைக்குத்தான் பணம் திரும்பும். ஆகவே மகளோ பேத்தியோ உங்களுக்காக ஆர்டர் செய்தால், சாமான் வந்த அன்றே பிரித்துப் பார்த்து, படத்தை உடனே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். புதுச் சரக்குக்கு எத்தனை மணி நேரத்துக்குள் புகார் சொல்ல வேண்டும் என்பது கடைக்குக் கடை வேறுபடும். அதையும் முன்னதாகக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

கடைக்காரர் பெரியம்மா வழக்கில் முதலில் என்ன சொன்னார் தெரியுமா? படத்தில் ஒரு பொட்டலம்தான் இருக்கிறது, ஆகவே 3 வெள்ளி 33 காசு தருகிறோம் என்றார். ரசீதைப் பார்த்தோம். தனியாக வாங்கினால் ஒரு பொட்டலம் 3 வெள்ளி 95 காசு. மூன்று சேர்த்து வாங்கினால் 10 வெள்ளி. நாம் கொடுத்தது பத்துதான், ஆகவே 3.33 கணக்கில் தப்பில்லை. சலுகை விலையில் வாங்கியதற்குச் சலுகை விலைதான் திரும்பும். அதில் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் அடங்கும். ஆனால் மூன்றும் ஒரே தொகுதி எண், ஒரே நாளில் வந்தவை, இரண்டில் இருந்த வண்டு மூன்றாவதிலும் இருக்கிறது என்று பேத்தி விடாமல் எழுதினாள். தேங்காய் உடைத்த அன்று காலை என் கைப்பேசியில் நான் தற்செயலாக எடுத்த படையல் படத்தின் ஓரத்தில், அழுகிய மூடி ஒன்று தட்டில் கிடந்தது, அதையும் அனுப்பினோம். மூன்றாம் நாள் இணங்கினார்கள். பருப்புக்குப் பத்து, இரண்டு தேங்காய்க்கு 3 வெள்ளி 20 காசு. ஆக 13 வெள்ளி 20 காசு.

அதிலும் ஒரு கொக்கி. பணமாக இல்லையாம், கடையிலேயே செலவழிக்கும் கிரெடிட்டாகத் தருவார்களாம். முப்பது நாள் தவணையாம். இதை நான் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றேன். கிரெடிட் என்பது கடைக்காரர் தரும் வாக்குறுதி. கடை இருக்கும் வரை வாக்குறுதி இருக்கும். சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு ஆரம்பித்து, பல நாடுகளுக்குப் பரவி, தெருவெங்கும் ஆட்களை ஓடவிட்ட ஆனஸ்ட்பீ என்ற இணைய மளிகை நிறுவனம் 2019இல் தள்ளாடி, 2020இல் நீதிமன்ற ஆணைப்படி கலைக்கப்பட்டதை மறந்துவிட வேண்டாம். சட்டப்படி குறையுள்ள பொருளுக்குப் பணம் என்றால் பணம்தான். "அட்டைக்கே திருப்புங்கள்" என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினோம், ஒப்புக்கொண்டார்கள்.

கடைக்காரர் அசையவே இல்லையென்றால் என்ன செய்வது என்றும் சொல்ல வேண்டுமல்லவா? கடன் அட்டையில் கட்டியிருந்தால், பேங்கிடம் அந்தக் கட்டணத்தை எதிர்த்து முறையிடலாம். 'பேநவ்' வழியாகவோ பேங்க் மாற்றலாகவோ அனுப்பிய பணத்துக்கு அந்த வசதி இல்லை. முன்பின் தெரியாத கடைக்கு முதல் தடவையே பேநவ் வழியாக அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அடுத்து, 1971ஆம் ஆண்டு தொடங்கிய சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. 'கேஸ்' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அங்கே முறையிட்டால் கடைக்காரரோடு பேசிப் பார்ப்பார்கள். அதற்கும் மேலே சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 1985 முதல் நடக்கிறது. 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. விவகாரம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் விசேஷம். நீங்களே பேச வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளி. பதின்மூன்று வெள்ளிப் பருப்புக்குப் பத்து வெள்ளி கட்டி அரை நாள் கெடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ ஆயிரம் வெள்ளிக்குச் சாமான் வாங்கி அது கெட்டுப்போனால், இந்த வழி இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணாடித் துண்டு, பூச்சி, பல்லி என்று ஆபத்தானவை இருந்தாலோ, சாப்பிட்டு உடம்புக்கு வந்தாலோ சிங்கப்பூர் உணவு அமைப்புக்குத் தெரிவியுங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் உணவுப் பாதுகாப்பு அவர்கள் பொறுப்பு. உங்கள் பணத்தை வாங்கிக் கொடுப்பது அவர்கள் வேலையில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை அதே பொட்டலத்தைச் சாப்பிடாமல் தடுப்பது அவர்கள் வேலை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் வாசகர்கள், ஜொகூர் முதல் கெடா வரை தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் இதைப் படிக்கும் தாய்மார்கள், "எங்களுக்கென்ன?" என்று கேட்பீர்கள். மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றம் நடக்கிறது. கட்டணம் வெறும் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். இணையத்தில் விற்பவர் தம் பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றைக் காட்டியே ஆக வேண்டும் என்ற விதியும் அங்கே 2013 முதல் நடப்பில் இருக்கிறது. பெயர் முகவரி காட்டாத கடையில் மலிவாக நெத்திலி கிடைக்கிறது என்றாலும் வாங்காதீர்கள். பெரிய இணையச் சந்தைகளில் சந்தைக்காரர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்பதையும் கவனியுங்கள். பொருளின் பக்கத்தில் விற்பவர் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அவர் கடல் கடந்த ஊரில் இருந்தால் எந்த நடுவர் மன்றமும் எட்டிப் பிடிப்பது கஷ்டம்.

கடைசியாக ஒரு விஷயம். கடைசியாகச் சொன்னாலும் இதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. பெரியம்மா காரியம் நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய கைப்பேசிக்கு ஓர் அழைப்பு. "உங்களுக்குப் பணம் திரும்ப வேண்டியிருக்கிறது, பேங்க் எண்ணும் இப்போது வரும் ஆறு இலக்க எண்ணும் சொல்லுங்கள்" என்றதாம் ஒரு குரல். நல்ல வேளை, பெரியம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. "பேத்தி நோ ஹோம்" என்று வைத்துவிட்டார். ஆர்டர் செய்தது பேத்தி. அழைப்பு வந்ததோ பாட்டிக்கு! எவனோ கண்ணை மூடிக்கொண்டு எல்லா எண்களையும் சுழற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

சிரிக்கும் விஷயமில்லை இது. 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் முகநூலில் மலிவு விலை மீன், இறால், மளிகை என்று விளம்பரம் போட்டார்கள். கேட்டவர்களுக்கு ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். இறக்கியவர்களின் கைப்பேசி திருடர்கள் வசமாகிவிட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் இரண்டு பேரின் மத்திய சேமநிதியிலிருந்து மட்டும் குறைந்தது 99,800 வெள்ளி பறிபோனது. உழைத்து உழைத்துச் சேர்த்த வயோதிகக் காலப் பணம்! உண்மையான கடைக்காரர் பணத்தைத் திருப்ப உங்களிடம் எந்த ரகசிய எண்ணும் கேட்க மாட்டார். பணம் எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே அவருக்குத் திருப்பத் தெரியும். சந்தேகமாக இருந்தால் சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்; மோசடி பற்றிக் கேட்கவே அந்த எண். கைப்பேசியில் வரும் இணைப்பைத் தொட்டு எந்தச் செயலியையும் இறக்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்னவள் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பொருளைக் கெட்டது என்று படம் பிடித்துப் பணம் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் பாதித் தர்பூசணியைத் தின்றுவிட்டு மீதியைப் படமெடுத்து அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன். இப்படிப்பட்டவர்களால்தான் பெரியம்மா போன்றவர்களிடம் நாலு படம் கேட்கிறார்கள். அதேபோல், சாமான் கொண்டுவரும் பையனைத் திட்டிப் பயனில்லை. தேங்காய்க்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, "கொஞ்சம் நில் தம்பி, முட்டையை மட்டும் திறந்து பார்த்துவிடுகிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் நிற்பார்கள்.

பெரியம்மாவின் 13 வெள்ளி 20 காசு ஒன்பதாம் நாள் பேத்தியின் அட்டைக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் நேரில் வந்து, பாட்டியின் கையில் பத்து வெள்ளி நோட்டையும் சில்லறையையும் வைத்தாள். பெரியம்மா வாங்கிக்கொள்ளவில்லை, பேரனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அரிசியும் எண்ணெயும் இனியும் கைப்பேசியில்தான் வரும். தேங்காயை மட்டும், முழங்கால் வலித்தாலும் சரி, தேக்காவுக்குப் போய்த் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவாராம்.